வெடிச்சத்தமும் வைஃபை அலையும்

வெடி அதிர்ந்தால் வைஃபை கலையும் என்று நான் நம்பினேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? இன்னும் கொஞ்சம் சிரியுங்கள், காத்திருக்கிறேன். சிவகாசியில் இருபத்தைந்து வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவன் நம்பிய விஷயம் இது. நம்பியதோடு நின்றிருந்தால் என் மானம் எனக்குள்ளேயே இருந்திருக்கும். கையை ஆட்டி ஆட்டி ஒரு பட்டாசு முதலாளிக்கு விளக்கம் சொல்லி, அவரையும் நம்பவைத்து, ஒரு நாள் காலை அவருடைய ஆலையில் சோதனை வெடியே போடக்கூடாது என்று உத்தரவும் வாங்கினேன். பட்டாசு ஆலையில் வெடிக்குத் தடை வாங்கிய ஒரே கம்ப்யூட்டர் மெக்கானிக் நான்தான்.

இந்தத் தொழிலில் பாதி வாழ்க்கை மேஜைக்கு அடியில்தான். குனிந்து குனிந்து முதுகுத் தட்டு விலகிவிட்டது. அதனால்தான் உரிய வயது வருவதற்கு முன்பே கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருக்கிறேன். கடையோடு சேர்த்து இந்தக் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் எதைக் கழற்றும் என்று உங்களுக்கே தெரியும். எப்போது கழற்றக்கூடாது என்பதற்குத்தான் இது.

எம். புதுப்பட்டி பக்கம், தார்ச்சாலையிலிருந்து மண்பாதை பிரியும் முக்கில் அந்த முதலாளி அண்ணாச்சியின் வீடு. அந்த மண்பாதை நேரே போய் அவருடைய ஆலையில் முட்டும். ஃபேன்சி ரகங்கள், வானத்தில் போய்ப் பூவாக விரிகிற சரக்கு. ஒரே மகன், கார்த்தி. படித்து முடித்துக் கம்பெனியில் வந்து உட்காருவான் என்று அண்ணாச்சி நாற்காலியே வாங்கிப் போட்டிருந்தார். அவனோ கனடாவில், திருவிழாக்களுக்கு வாணவேடிக்கை நடத்துகிற ஒரு குழுவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "செய்யிறவன் வீட்டுல பெறந்துட்டு, எவனோ செஞ்சதக் கொளுத்தப் போயிட்டான்" என்று சொன்னவர், அதன்பிறகு மகனிடம் நேரடியாகப் பேசவே இல்லை. ரெண்டு வருடமாக அவனுடைய செய்தி எல்லாம் மதினி வழியாகத்தான் வரும், மதினி வழியாகத்தான் போகும். அண்ணாச்சி மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த ஆடியில் கார்த்தி முதன்முறையாகத் தானே முழுசாக வடிவமைத்த காட்சி. கடலோரம், அரைமணி நேரம், நேரலை. அங்கே வெள்ளிக்கிழமை இரவு. நமக்குச் சனிக்கிழமை காலை, வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில். அண்ணாச்சியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபோர்-கே தரத்தில் ஓட வேண்டும். மதினி கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, அவுக ஒரு தடவை பாக்கேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டாக. இன்னொரு தடவை சொல்ல மாட்டாக. படம் நின்னுச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவாக. நீங்க கூடவே இருங்க."

"ரெக்கார்டு இருக்கும்ல மதினி, நின்னாலும் சாயந்தரம் நிதானமாப் போட்டுக் காட்டலாமே."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? ரெக்கார்டுன்னா வெட்டுவாக, ஒட்டுவாக, நல்லதா நாலு பூவை மட்டும் காட்டுவாகன்னு சொல்லுதாக. நேரா பாத்தாத்தான் நம்புவாகளாம். செல்போன்லயும் வேண்டாமாம். அதுல பாத்தா வானத்துல விரியிற பூவும் புஸ்வாணமும் ஒண்ணாத்தான் தெரியுமாம்."

ஆக, பிரச்சினை இவ்வளவுதான். படம் ஓடினால் அப்பா மகனைப் பார்ப்பார். நின்றால் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார். நடுவில் நான்.

முந்தின வாரம் ஒரு நாள் சாயந்தரம் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர். இணைப்பும் நல்ல வேகம். ஃபோர்-கே படம் கண்ணாடியாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை போனேன், அதேபோல ஓடியது. "காலையில பாத்தாத்தான் நிக்குது தம்பி" என்று மதினி அடித்துச் சொன்னார். சரியென்று செவ்வாய்க்கிழமை காலை போனேன். படத்தைப் போட்டேன். தூரத்தில் ஆலைப் பக்கம் சோதனை வெடி 'டமார்' என்றது. படம் நின்றது! மறுபடி ஓடியது. மறுபடி 'டமார்'. மறுபடி நின்றது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்தது.

வெடிக்காத நேரத்திலும் படம் நின்றதே என்று கேட்கிறீர்களா? நின்றது. அதை நான் எண்ணவில்லை. வெடியும் நிற்பதும் சேர்ந்து வந்த தடவைகள் மட்டும்தான் என் கணக்கில் ஏறின. ஒரு முடிவுக்கு வந்துவிட்டவனுடைய கண் அப்படித்தான் வேலை செய்யும், தம்பிகளா. இதை மட்டும் கொஞ்சம் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியிடம் போனேன். "வைஃபைங்கிறது காத்துல வர்ற அலை அண்ணாச்சி. உங்க வெடி காத்தை அதிர வைக்குது. அலை கலைஞ்சிருது."

அண்ணாச்சி என்னை முறைப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம வெடிக்கா? அம்புட்டு வேகமா இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி."

"ஏலே முத்தையா, கேட்டியா? நம்ம வெடி வைஃபையவே கலைக்குதாம்லே!" என்று ஃபோர்மேனைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று சாயந்தரமே டீக்கடையில் இரண்டு பேர் என்னிடம் இந்தச் செய்தியை எனக்கே சொன்னார்கள். என் விஞ்ஞானம் அவருக்கு விளம்பரமாகிவிட்டது. அதனால்தான் சனிக்கிழமை காலை சோதனை வெடி வேண்டாம் என்றதும் உடனே ஒப்புக்கொண்டார்.

முத்தையா அண்ணன் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெடிக் கம்பெனியில வெடி போடக்கூடாதுங்கீக. அடுத்து ஓட்டல்காரன இட்லி அவிக்கக்கூடாதும்பீகளோ?"

வெள்ளிக்கிழமை, ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடியில் திருவிழா, ஆலைக்கு விடுமுறை, வேலையாட்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு கோவிலுக்குப் போய்விட்டார்கள். காலையிலேயே போய் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். வெடி இல்லை. படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. பார்த்தீர்களா, நிரூபணம்! நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். விலகின தட்டு என்பதால் வலித்தது.

சனிக்கிழமை காலை. அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் மாதிரி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மதினி சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு வந்து நின்றார். நான் மவுஸைப் பிடித்தேன். ஆலைப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. பறவைச் சத்தம்கூடக் கேட்டது.

திரையில் கடல். இருட்டு. கரையில் கூட்டம். முதல் வாணம் ஒரு கோடாக மேலே ஏறியது, ஏறியது, உச்சிக்குப் போனது...

நின்றது.

நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "இது எந்தக் கம்பெனிச் சக்கரம் தம்பி? நம்ம சங்குச்சக்கரம்கூட இம்புட்டு நேரம் சுத்தாதே."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி." தரத்தைக் குறைத்தேன். படம் நகர்ந்தது. ஆனால் நிற்கிற கட்டடத்தைச் சமாளிக்கிற மட்டமான படம், சிதறுகிற வாணத்துக்கு எப்படித் தாங்கும்? பொறி சிதறிய இடமெல்லாம் சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்டது. மட்டமான அச்சில் நாலு கலரும் நாலு பக்கம் விலகின கேலண்டர் மாதிரி இருந்தது.

"இதைக் கொளுத்தத்தான் கனடா போனானாக்கும்" என்றார் அண்ணாச்சி. துண்டை உதறித் தோளில் போட்டார்.

மதினி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அதன்பிறகு நான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னால் என் சர்வீஸ் சான்றிதழைப் பிடுங்கிக்கொள்வீர்கள். பிரவுசரை மாற்றினேன். ரவுட்டரின் கொம்பு இரண்டையும் மாட்டுக்கொம்பு மாதிரி முறுக்கினேன். ரவுட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிடலாம் என்று சுவரைத் தட்டினேன். "புது டைல்ஸு தம்பி!" என்று மதினி அந்த நிலைமையிலும் அலறினார். என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். அந்த முக்கில் சிக்னல் ஒற்றைக் கோடு, அதுவும் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு மறைகிற கோடு. கடைசியில் எந்தக் கத்துக்குட்டியும் செய்யாத ஒன்றைச் செய்தேன். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினேன்.

நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. புதுப்பிப்பு நடக்கிறது, அணைத்துவிட வேண்டாம் என்றது.

கனடாவில் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே சதவீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி அந்த நீலத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இந்த நீலம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். "கம்பெனிக்கு நேரமாச்சு."

"இருங்க, தம்பி பாத்துக்கிட்டிருக்காகள்ல" என்று மதினி வாசலை மறித்தார்.

"அவரு பாக்காரு. நான் எங்க பாக்கேன்?"

நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். ஏன் அங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. பயம் வந்தால் மேஜைக்கு அடியில் போவது என் சுபாவம். அங்கே எந்தக் கோளாறும் இல்லை, சத்தியமாக வெறும் நிழல்தான். ஆனால் அங்கே உட்கார்ந்தபோதுதான் கை சும்மா இருந்தது. கை சும்மா இருந்தபோதுதான் தலை வேலை செய்தது. வெடி இல்லை. ஆனாலும் படம் நிற்கிறது. அப்படியென்றால் காரணம் வெடி இல்லை. அவ்வளவு எளிய விஷயத்தை ஒப்புக்கொள்ள எனக்கு மேஜைக்கு அடி வரை போக வேண்டியிருந்தது. சரி, நேற்று இதே நேரம் இந்த வீட்டில் இல்லாத எது இன்றைக்கு இருக்கிறது?

அப்போது பக்கத்து அறையில் ஒரு போன் அடித்தது. அம்மன் பாட்டு. அது ஓய்வதற்குள் இன்னொரு போன் அடித்தது. அது வேறு பாட்டு.

"மதினி, உங்க போன் அடிக்குது."

"என் போனு இந்தா கையில இருக்கு. அது வேலைக்கு வந்த பிள்ளைகளோடது. அடிச்சு ஓஞ்சிரும்."

இந்தப் பக்கத்து ஆள் எவனுக்கும் இது தெரியும். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது. ஒரு பொறி போதும், அதனால் கண்டிப்பு. எனக்கு அது தெரியும், என் வீட்டுப் பூனைக்கும் தெரியும். உள்ளே போகாத போன் எங்கே போகும் என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை. ஆட்களை ஏற்றி வருகிற ஆலை வண்டி காலையில் இந்த முக்கில் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், போனை எல்லாம் அண்ணாச்சி வீட்டில் வைத்துவிட்டு மண்பாதையில் ஆலைக்கு நடப்பார்கள். தினமும் கண் முன்னால் நடக்கிற காரியம். கண் முன்னால் நடப்பதைக் கண் எங்கே பார்க்கிறது?

மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தேன், எழுந்த வேகத்தில் மண்டையில் இடித்துக்கொண்டு. அறைக் கதவைத் தள்ளினேன். கல்யாண வீட்டில் சோறு அள்ளிக் கொட்டுகிற பெரிய அன்னக்கூடை. அது நிறைய போன். ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர் சொருகி, சுவரோரம் வரிசையாக வைத்த பிளக் பலகைகளுக்குப் போனது. ஒயர்க் காட்டுக்குள் திரைகள் மினுக் மினுக்கென்று எரிந்தன.

"மதினி! இதுகளுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருக்கீகளா?"

"ஆமா. சாயந்தரம் வண்டி வாற வரைக்கும் பிள்ளைககூடப் பேசுதாக. பாவம், அதுக்கும் காசு போட்டு நெட்டு வாங்கணுமான்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தப்பா தம்பி?"

"தப்பே இல்ல மதினி. சார்ஜும் நீங்கதான் போட்டு வைக்கீகளா?"

"பின்ன, சாயந்தரம் செத்த போனையா கையில கொடுக்கிறது?"

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். மின்சாரமும் வைஃபையும் ஒன்றாகக் கிடைத்தால் போன் சும்மா இருக்குமா? இருக்கிற படத்தை எல்லாம் மேலே ஏற்றத் தொடங்கிவிடும். அதுவும் முந்தின நாள் இருக்கன்குடித் திருவிழா! ஆளாளுக்குப் பூக்குழி, முளைப்பாரி, ராட்டினம், பிள்ளைக்கு மொட்டை போட்டது என்று எடுத்துத் தள்ளியிருப்பார்கள். அத்தனை திருவிழாவும் இந்த ஒற்றை வீட்டு வைஃபை வழியாக முட்டி மோதி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கார்த்தியின் வாணம் இறங்க வழி எங்கே? சாயந்தரமும் ஞாயிறும் விடுமுறை வெள்ளியும் படம் நிற்காமல் ஓடியது, அப்போதெல்லாம் கூடை காலி என்பதால்தான்.

பாஸ்வேர்டை மாற்றினால் போதும், தெரியும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, உள்ளே போய், மாற்றி, கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கொடுத்து... என் விரல் அப்போது என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. சொந்தக் கடையின் பெயரையே தப்பாகத் தட்டுகிற விரல். நேரமும் இல்லை. அந்த நேரத்தில் எது அழகான வழி என்று பார்க்காதீர்கள், எது கிட்ட இருக்கிற வழி என்று பாருங்கள். அன்றைக்கு நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

"அண்ணாச்சி, இந்தக் கூடை வீட்டை விட்டு வெளிய போகணும்."

அண்ணாச்சி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பினார். கூடையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். புதுப்பிப்பு முடிந்து கம்ப்யூட்டர் திறந்துகொண்டிருந்தது. செருப்பை உதறிவிட்டு வந்து, ஒயரை எல்லாம் கொத்தாகப் பிடித்து உருவினார். கூடையின் ஒரு காதை அவர் பிடித்தார். "பிடிங்க தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கீக?" மறு காதை நான் பிடித்தேன். அந்த வயதில் அவர் ஓடினார். நான் இழுபட்டேன். என் முதுகைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் ஆட்களை இறக்கிவிட்ட வண்டி வெளியே இன்னும் நின்றது. டிரைவர் சீட்டில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தார். கூடையைப் பின்பக்கம் ஏற்றிக் கதவைச் சாத்தினோம்.

"ஏலே, எடு வண்டிய!"

"எங்கன போகணும் முதலாளி?"

"வைஃபை எட்டாத எடத்துக்குப் போலே!"

டிரைவர் பாவம், அது எந்த ஊர் என்று தெரியாமலே கிளம்பினார். வண்டிக்குள் அம்மன் பாட்டு அடித்துக்கொண்டே போனது, தார்ச்சாலையில் திரும்பித் தேய்ந்தது.

உள்ளே ஓடினோம். நேரலையைத் திறந்தேன். வட்டம் ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்று இல்லை.

வந்துவிட்டது!

அடடா, அதை என்ன சொல்ல! திரை முழுக்கக் கடலும் வானமும். ஒவ்வொரு பொறியும் தனித்தனியாக, எண்ணலாம் போல. தங்கநிறத் தொங்கல் மேலேயிருந்து தண்ணீர் வரை இறங்கியது. அது அணைவதற்குள் அதன் நடுவிலிருந்து நீலம் விரிந்தது. பின்னால் இன்னொரு நீலம். அதற்கும் பின்னால் வானம் முழுக்க நீலம்.

அண்ணாச்சி நாற்காலியை நேராகத் திருப்பினார். திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். இன்னும் கிட்ட இழுத்தார். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், வாணத்தில் நீலம் பிடிப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் பிசகினாலும் வெளுத்துவிடும்.

"வெளுக்கலையே" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. "கடைசி வரைக்கும் வெளுக்கலையே."

காட்சி முடிந்தது. கரையில் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கையை மட்டும் பின்னால் நீட்டினார். "அவனுக்குப் போன் போடு."

மதினி போட்டார். "ஏய் கார்த்தி, அப்பா பாத்தாகடா" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"ஏலே, அந்த நீலம் யாரு செஞ்சது?"

கார்த்தி மெதுவாக, "நாங்கதாம்ப்பா. எங்க குழுவுலயே செஞ்சோம். நானும் இருந்தேன்."

"செய்யவும் செய்யுறியா?"

"ஒரு வருசமா அதாம்ப்பா வேலை. அம்மாகிட்ட சொல்லியிருந்தேனே."

மதினி என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். சொன்னாலும் அண்ணாச்சி கேட்டிருக்க மாட்டார் என்று அர்த்தம்.

"அதுல என்னலே சேர்த்தீக?"

"அதைச் சொல்லக் கூடாதுப்பா. கம்பெனி ரகசியம்."

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். "சொல்ல மாட்டேங்கான் பாத்தீகளா. பெத்த அப்பன்கிட்டயே சொல்ல மாட்டேங்கான்!" என்றார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்தத் தொழிலில் அடுத்தவனிடம் கலவையைச் சொல்பவனை ஒரு ஆளாக மதிக்க மாட்டார்கள். மகன் சொல்லவில்லை. அவன் தொழில்காரன் ஆகிவிட்டான்.

பிறகு அவர் போனோடு நடந்து அறைக்குள் போய்விட்டார். "சரி, அதை விடு. அந்தத் தங்கத் தொங்கல் எம்புட்டு உசரத்துல விட்டீக..." என்பது மட்டும் கேட்டது.

அன்றைக்கு நான் எந்தக் கோளாறையும் சரிசெய்யவில்லை. கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, இணைப்பில் இல்லை, வெடியிலும் இல்லை. திருவிழாப் படங்களை அத்தனை போனும் ஒரே நேரத்தில் ஒரே வைஃபையில் ஏற்றின. போன்கள் வண்டி ஏறிப் போனதும் படம் வந்தது. அரைமணிக் காட்சியில் அண்ணாச்சி பார்த்தது கடைசிக் கொஞ்சம்தான். மகனோடு பேசியது மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் வரைக்கும்.